ஃபஸி கிராஃபில் எந்தத் தூரத்தை எடுப்பது? வேளச்சேரி மழையை வைத்து ஒரு கணக்கு

எம்.எஸ்சி. கணிதத்தில் ப்ராஜெக்டுக்கு ஃபஸி கிராஃப் (முனைகளுக்கும் அவற்றை இணைக்கும் விளிம்புகளுக்கும் 0-லிருந்து 1 வரை மதிப்பு கொடுத்த வலைப்பின்னல்) எடுக்கும் பிள்ளைகள் வருடா வருடம் என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான்: "சார், எந்தத் தூரத்தை எடுத்துக்கறது?" மியூ-தூரம் இருக்கிறது, ஜியோடெசிக் தூரம் இருக்கிறது, கூட்டல் தூரம் இருக்கிறது, போதாக்குறைக்கு டீடூர் தூரம். ஏதோ ஒன்றை எடுத்து, ஐந்தாறு முனை வரைந்து, மனதில் பட்ட தசம எண்களைப் போட்டு மையம் கண்டுபிடித்துவிடுவார்கள். கடைசிப் பக்கத்தில் "இது போக்குவரத்து, தொலைத்தொடர்பு, மருத்துவம் ஆகிய துறைகளில் பயன்படும்" என்று ஒரு வரி. எப்படிப் பயன்படும் என்று வைவாவில் கேட்டால் பதில் வராது.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்க வேண்டிய வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். தேற்றங்கள் புத்தகத்தில் இருக்கின்றன. நமக்கு ஒரு கேள்வி வேண்டும். தென் சென்னையில் கனமழை. ஆம்புலன்ஸ் ஒன்றுதான் இருக்கிறது. அதை எங்கே நிறுத்தி வைப்பது?

ஏழு இடங்களை எடுத்துக்கொள்வோம்: வேளச்சேரி, கிண்டி, சைதாப்பேட்டை, அடையாறு, தரமணி, துரைப்பாக்கம், பள்ளிக்கரணை. இவை முனைகள். இவற்றை இணைக்கும் சாலைகள் விளிம்புகள். ஒவ்வொரு விளிம்புக்கும் 0-லிருந்து 1 வரை ஒரு எண், அதுதான் மியூ.

முதலில் மியூவுக்குப் பொருள் சொல்லுங்கள்

இந்த இடத்தைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். 0.4 என்றால் என்ன? சாலை நன்றாக இருக்கிறது என்பதன் அளவா, மோசமாக இருக்கிறது என்பதன் அளவா? பத்து மழைநாளில் நான்கு நாள் போகலாம் என்பதா, எல்லா நாளும் தட்டுத் தடுமாறிப் போகலாம் என்பதா? இதற்குப் பதில் எழுதாமல் தூரத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

எண்களை எங்கிருந்து எடுப்பது என்றால், அந்தச் சாலையில் தினமும் ஓட்டுகிறவர்களிடம்தான். ஆட்டோ ஸ்டாண்டில் போய் "இந்த ரோட்டுக்கு 0 முதல் 1 வரை எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்டால் சிரிப்பார்கள். தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று கேளுங்கள். கணுக்கால், முழங்கால் என்று உடம்பை வைத்துத்தான் சொல்வார்கள். வேளச்சேரியில் ஒரு ஓட்டுநர் இன்னும் துல்லியமாகச் சொன்னார்: "சைலன்சர் வரைக்கும்னா ஓட்டிடலாம் சார். சைலன்சருக்குள்ள தண்ணி போச்சுன்னா வண்டி அவ்ளோதான்." ஒரு நல்ல மெம்பர்ஷிப் ஃபங்ஷனுக்கு (தண்ணீர் மட்டத்தை 0–1 மதிப்பாக மாற்றும் சார்புக்கு) வேண்டிய எல்லாம் அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது: மெதுவாகக் குறைந்துகொண்டே வந்து, ஒரு மட்டத்துக்குப் பிறகு சட்டென்று விழுகிற வளைவு.

நாங்கள் வகுப்பில் வைத்துக்கொண்ட அளவு இது: கணுக்கால் மட்டம் 0.8, கெண்டைக்கால் பாதி 0.5, முழங்காலை நெருங்கினால் 0.4, முழங்காலைத் தாண்டினால் 0.2. எண் பெரிதாக இருந்தால் சாலை நல்லது. கீழே வரும் மதிப்புகள் கணக்கு கற்றுக்கொடுக்க நாங்கள் போட்டவை. மாநகராட்சி அளந்து கொடுத்தவை அல்ல.

கிண்டி – சைதாப்பேட்டை: 0.8
கிண்டி – அடையாறு: 0.8
அடையாறு – தரமணி: 0.8
தரமணி – துரைப்பாக்கம்: 0.8
வேளச்சேரி – கிண்டி: 0.5
சைதாப்பேட்டை – அடையாறு (கோட்டூர்புரம் வழி): 0.5
துரைப்பாக்கம் – பள்ளிக்கரணை: 0.5
வேளச்சேரி – தரமணி: 0.4
வேளச்சேரி – பள்ளிக்கரணை: 0.2

முனைகளுக்கும், அதாவது அந்த இடங்களுக்கும், இதே போல் 0-லிருந்து 1 வரை மதிப்பு உண்டு, அது சிக்மா. விளிம்பின் மியூ அதன் இரு முனைகளின் சிக்மாவில் சிறியதைத் தாண்டக் கூடாது. 1975-ல் அஸ்ரியல் ரோசன்ஃபெல்ட் ஃபஸி கிராஃபுக்குக் கொடுத்த வரையறையிலேயே இந்த நிபந்தனை இருக்கிறது. நம் கணக்கில் வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைக்கும் 0.5, மற்றவற்றுக்கு 0.9 என்று வையுங்கள்; எங்கும் மீறல் இல்லை. ஊரே தண்ணீரில் நிற்கும்போது ஊருக்குள் நுழையும் சாலை மட்டும் எப்படி 0.9 ஆக இருக்கும்? இவ்வளவுதான் அதன் நியாயம். திருத்த வரும் ப்ராஜெக்டுகளில் பாதியில் இது மீறப்பட்டிருக்கும்.

மியூ-தூரம்

ரோசன்ஃபெல்ட் கொடுத்த தூரமே முதலில். அவர் மேரிலண்டில் கணினிப் படப் பகுப்பாய்வில் பெயர் பெற்றவர். சாலைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் யோசனை சாலைக்கு அப்படியே பொருந்துகிறது. ஒவ்வொரு விளிம்பின் நீளமும் 1/மியூ. பாதையின் நீளம் அவற்றின் கூட்டல். இரண்டு முனைகளுக்கு இடையே இருக்கும் பாதைகளில் மிகச் சிறிய நீளம்தான் மியூ-தூரம்.

ஆக 0.8 சாலையின் நீளம் 1.25, 0.5 என்றால் 2, 0.4 என்றால் 2.5, 0.2 என்றால் 5. இனி இது சாதாரண குறுகிய பாதைக் கணக்குதான். கையால் செய்ய டைக்ஸ்ட்ரா முறை (அருகில் இருக்கும் முனையிலிருந்து ஒவ்வொன்றாகத் தூரத்தை முடித்துக்கொண்டே போவது) போதும். எக்செலில் என்றால் ஃபிளாய்ட்–வார்ஷல்: ஏழுக்கு ஏழு கட்டம் போட்டு, ஒவ்வொரு முனையாக "இதன் வழியாகப் போனால் குறையுமா?" என்று பார்த்து, குறைந்தால் மாற்றிக்கொண்டே வர வேண்டியது.

தரமணியிலிருந்து போட்டுப் பார்ப்போம். அடையாறு 1.25, துரைப்பாக்கம் 1.25, வேளச்சேரி 2.5. கிண்டிக்கு அடையாறு வழியாக 2.5. சைதாப்பேட்டைக்கு அடையாறு, கோட்டூர்புரம் வழியாக 1.25 + 2 = 3.25. பள்ளிக்கரணைக்குத் துரைப்பாக்கம் வழியாக 1.25 + 2 = 3.25. இவற்றில் பெரியது 3.25, அதுதான் தரமணியின் எக்சென்ட்ரிசிட்டி. அதாவது அங்கே நிற்கும் ஆம்புலன்ஸுக்கு வரக்கூடிய மிக மோசமான அழைப்பின் தூரம்.

மற்ற இடங்களுக்கும் இதே போல் செய்தால்: அடையாறு 4.5, துரைப்பாக்கம் 4.5, வேளச்சேரி 5, கிண்டி 5.75, சைதாப்பேட்டை 6.5, பள்ளிக்கரணை 6.5. மிகச் சிறியது ஆரம்: 3.25. மிகப் பெரியது விட்டம்: 6.5. எக்சென்ட்ரிசிட்டி மிகக் குறைந்த முனைதான் மையம், இங்கே தரமணி. விட்டம் ஒருபோதும் ஆரத்தின் இரு மடங்கைத் தாண்டாது, ஆரத்துக்குக் குறையவும் குறையாது. நம் கணக்கில் சரியாக இரு மடங்கில் வந்து நிற்கிறது. உங்கள் விடை இந்த எல்லைக்கு வெளியே போனால் எங்கோ கூட்டலில் கோட்டை விட்டிருக்கிறீர்கள். மேலே போகாமல் திரும்பிப் பாருங்கள்.

மோசமான அழைப்பைப் பற்றிக் கவலையில்லை, சராசரிதான் முக்கியம் என்பவர்கள் எக்சென்ட்ரிசிட்டிக்குப் பதில் தூரங்களின் மொத்தத்தைப் பார்க்கலாம். தரமணிக்கு 14, அடையாறுக்கு 14.75. இங்கேயும் தரமணிதான் ஜெயிக்கிறது, ஆனால் மயிரிழையில். ஆம்புலன்ஸுக்கு நான் முதல் அளவையே எடுப்பேன். தபால் பட்டுவாடா, பால் வண்டி என்றால் இரண்டாவது.

இப்போது உறுத்தும் ஒரு விஷயம்

வேளச்சேரியிலிருந்து பள்ளிக்கரணைக்கு மியூ-தூரம் எவ்வளவு? நேர்ச் சாலை: 5. தரமணி, துரைப்பாக்கம் சுற்றி: 2.5 + 1.25 + 2 = 5.75. ஆகவே கணக்கு உங்களை நேர்ச் சாலையில் போகச் சொல்கிறது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும் சாலையில்! அந்த ஆட்டோக்காரரிடம் இந்த விடையைக் காட்டினால் நம் பட்டத்தைச் சந்தேகப்படுவார்.

தப்பு கூட்டலில் இல்லை. 1/மியூ என்பதற்கு ஒரு மோசமான சாலையைப் பார்த்து எவ்வளவு பயப்பட வேண்டும் என்ற ஒரு அளவு உள்ளேயே இருக்கிறது. நம் பயம் அதைவிடப் பெரியது. இதைச் சரிசெய்ய எளிய வழி, 1/மியூவை ஓர் அடுக்குக்கு உயர்த்துவது. ஃபஸி என்ற பெயரே இல்லாமல் வலைப்பின்னல் ஆராய்ச்சிக்காரர்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இணைப்பின் வலிமையைத் தலைகீழாக்கித் தூரமாக எடுப்பதை 2001-ல் நியூமன் ஆய்வாளர்களின் கூட்டு வலைப்பின்னலுக்குச் செய்தார். அடுக்கு சேர்த்துத் திருகிக்கொள்ளும் வசதியை 2010-ல் ஆப்சாலும் கூட்டாளிகளும் சேர்த்தார்கள்.

வேளச்சேரி – பள்ளிக்கரணைக்கு ஒப்பிட வேண்டிய மூன்று வழிகள்: நேர் வழி, தரமணி – துரைப்பாக்கம் சுற்று, கிண்டி – அடையாறு – தரமணி – துரைப்பாக்கம் என்ற பெரிய சுற்று. அடுக்கு 1 என்றால் 5, 5.75, 7.75, நேர் வழி வெல்கிறது. அடுக்கு 2 என்றால் 25, 11.81, 12.69, நடு வழி வெல்கிறது. அடுக்கு 3 என்றால் 125, 25.58, 21.86, பெரிய சுற்று வெல்கிறது. அதே ஊர், அதே மழை, அதே ஒன்பது எண்கள். மாறியது ஒரு திருகாணி மட்டும். அடுக்கு 0 என்றால் எத்தனை சாலை கடக்கிறோம் என்ற வெறும் எண்ணிக்கை ஆகிவிடும், மறுபடியும் நேர் வழி.

அடுக்கை எதை வைத்து முடிவு செய்வது? வண்டியை வைத்து. உயரமான லாரிக்கு 1 போதும். ஆட்டோவுக்கு 3 வேண்டும். ஆம்புலன்ஸ் வேனுக்கு 2-ல் ஆரம்பித்து, ஓட்டுநர் தேர்ந்தெடுக்கும் வழியோடு கணக்கின் வழி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஓட்டுநரைத் திருத்தாதீர்கள், அடுக்கைத் திருத்துங்கள்.

அடுக்கைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கடைசியில் பாதையின் மிக மோசமான சாலை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அதற்கு ஃபஸி கிராஃபில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. பாதையின் வலிமை என்பது அதில் உள்ள மிகச் சிறிய மியூ; இரண்டு முனைகளின் இணைப்பு வலிமை என்பது எல்லாப் பாதைகளின் வலிமையிலும் பெரியது. வேளச்சேரி – பள்ளிக்கரணை: நேர் வழி 0.2, நடு வழி 0.4, பெரிய சுற்று 0.5. ஆகவே இணைப்பு வலிமை 0.5. கணக்கிட, அதே ஃபிளாய்ட்–வார்ஷல் கட்டத்தில் கூட்டலுக்குப் பதில் சிறியது, சிறியதுக்குப் பதில் பெரியது என்று மாற்றினால் போதும்.

1 கழித்தல் இணைப்பு வலிமை என்பதும் ஒரு தூரம்தான். ஆனால் மையம் கண்டுபிடிக்க அது உதவாது. வேளச்சேரிக்கு எல்லா இடமும் ஒரே தூரத்தில் இருப்பதாகச் சொல்லும். அது உதவுவது கூட்டம் பிரிக்க. 0.8-க்குக் குறைந்த சாலைகளை அழித்துவிட்டுப் பாருங்கள்: கிண்டி, சைதாப்பேட்டை, அடையாறு, தரமணி, துரைப்பாக்கம் ஒரே துண்டு, வேளச்சேரி தனித் தீவு, பள்ளிக்கரணை தனித் தீவு. படகும் மருந்தும் முன்கூட்டியே எங்கே கொண்டு போய் வைக்க வேண்டும் என்பதற்கு இதுதான் விடை, மையம் அல்ல. ரோசன்ஃபெல்ட் எழுதிய அதே 1975-ல் யேயும் பாங்கும் ஃபஸி கிராஃபை இப்படிக் கூட்டம் பிரிக்கத்தான் பயன்படுத்தினார்கள்.

ஜியோடெசிக் தூரம், கூட்டல் தூரம்

ஒரு விளிம்பின் மியூ, அதை நீக்கிய பிறகும் அதன் இரு முனைகளுக்கிடையே மிஞ்சும் இணைப்பு வலிமைக்குக் குறையாமல் இருந்தால் அது வலுவான விளிம்பு. வேளச்சேரி – தரமணி 0.4, அதை அழித்தாலும் கிண்டி, அடையாறு சுற்றி 0.5 கிடைக்கிறது. எனவே வலுவானது அல்ல. வேளச்சேரி – பள்ளிக்கரணையும், சைதாப்பேட்டை – அடையாறும் இதே காரணத்தால் கழிந்துவிடும். மிஞ்சுவது ஆறு சாலைகள்: வேளச்சேரி, கிண்டி, அடையாறு, தரமணி, துரைப்பாக்கம், பள்ளிக்கரணை என்று ஒரு வரிசை, கிண்டியிலிருந்து சைதாப்பேட்டைக்கு ஒரு கிளை.

வலுவான விளிம்புகளில் மட்டும் நடந்து, எத்தனை விளிம்பு என்று எண்ணினால் ஜியோடெசிக் தூரம். பூடானியும் ரோசன்ஃபெல்டும் 2003-ல் கொடுத்தது. இதன்படி மையம் அடையாறும் தரமணியும் இரண்டுமே. ஆரம் 3, விட்டம் 5. எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், பெரியது சிறியது என்ற வரிசை மாறாத வரை விடை மாறாது. உங்கள் மியூ மதிப்புகள் வாய்வழி வந்தவை, 0.4-க்கும் 0.45-க்கும் வித்தியாசம் சொல்ல முடியாது என்றால், நான் இந்தத் தூரத்தைத்தான் நம்புவேன். அதற்கு விலை, ஒரு சாலை ஓரளவுக்கு நல்லதா மிக நல்லதா என்ற தகவல் போய்விடும்.

கூட்டல் தூரத்தில்தான் பிள்ளைகள் அதிகம் விழுகிறார்கள். அதில் 1/மியூ இல்லை, மியூவையே கூட்டுகிறோம். நம் கணக்கில் அப்படிச் செய்தால் வேளச்சேரிக்கு மிக அருகில் இருக்கும் இடம் பள்ளிக்கரணை, தூரம் 0.2! தண்ணீர் ஏற ஏற ஊர் நெருங்கி வருகிறது. தூரத்தின் வரையறையில் பிழை இல்லை. அது மெட்ரிக்கின், அதாவது கணிதத்தில் தூரம் என்பதற்கு வேண்டிய எல்லா விதிகளுக்கும் உட்பட்டது. ஆனால் மியூ என்பது சிரமம், செலவு, ஆபத்து போன்ற, குறைந்தால் நல்லது என்ற ஒன்றாக இருந்தால்தான் அதற்குப் பொருள். நட்பு, நம்பிக்கை, சிக்னல் பலம் என்று வைத்துவிட்டு இதைப் போட்டால் எதிரிகள்தான் நெருங்கியவர்கள் என்று விடை வரும். டீடூர் தூரம் மிக நீண்ட பாதையைப் பார்ப்பது; ஆம்புலன்ஸுக்கு அது ஆகாது, விட்டுவிடுகிறேன்.

இன்னொரு வகை உண்டு. மியூ என்பது பத்தில் எத்தனை நாள் சாலை திறந்திருக்கும் என்ற விகிதமாக இருந்து, ஒரு சாலை மூடுவதும் இன்னொன்று மூடுவதும் தொடர்பில்லாதவை என்றால், மியூக்களைப் பெருக்க வேண்டும். மியூவின் லாகரிதத்தைக் குறைக் குறியோடு நீளமாக வைத்துக் கூட்டினால் அதே வேலை நடக்கும். கேபிள், ரவுட்டர் வலைகளுக்கு இது பொருத்தம். மழைக்குப் பொருந்தாது, ஒரே மழையில்தானே எல்லாச் சாலையும் மூழ்குகிறது.

விடையை ஆட்டிப் பாருங்கள்

மையம் தரமணி என்று எழுதி மூடிவிடக் கூடாது. ஒவ்வொரு எண்ணாகக் குறைத்து, மையம் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு நதி கரை மீறியபோது சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தியது நினைவிருக்கும். கிண்டி – சைதாப்பேட்டையை 0.1 ஆக்குங்கள். தரமணியின் எக்சென்ட்ரிசிட்டி 3.25-லேயே நிற்கிறது, ஏனென்றால் அது கோட்டூர்புரம் வழியைத்தான் நம்பியிருந்தது. மையம் அசையவில்லை. ஆனால் கோட்டூர்புரத்திலும் ஓடுவது அதே ஆறு. அதையும் 0.1 ஆக்கினால் தரமணி 11.25-க்குப் போய்விடும், அடையாறும் கிண்டியும் தலா 10-ல் மையமாகிவிடும்.

அந்தப் புது மையத்துக்கு வண்டியை மாற்றலாமா? மாற்றக் கூடாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகவே முடியாத ஒரு முனை, மொத்த மையத்தையும் தன் பக்கம் இழுக்கிறது, அவ்வளவுதான். இப்படி வந்தால் 0.2-க்குக் கீழே உள்ள விளிம்புகளை அழித்துவிட்டு, துண்டான பகுதிகளுக்குத் தனித்தனியாக மையம் பாருங்கள். சைதாப்பேட்டைக்கு ஒரு வண்டி, தெற்கே தரமணியில் ஒரு வண்டி என்று வரும். ஒரே வண்டி போதாது என்பதும் ஒரு விடைதான். ப்ராஜெக்டில் அதை எழுதத் தயங்க வேண்டாம்.

கணினியில் செய்பவர்களுக்கு: பைத்தானில் நெட்வொர்க்எக்ஸ் என்ற நூலகம் போதும். ஒவ்வொரு விளிம்பிலும் மியூவை ஒரு பெயரிலும், 1/மியூவின் அடுக்கை வேறு பெயரிலும் சேமியுங்கள். தூரம் கேட்கும் இடத்தில் இரண்டாவது பெயரைக் கொடுங்கள். மியூவையே எடையாகக் கொடுத்தால் டைக்ஸ்ட்ரா சத்தமில்லாமல் மேலே சொன்ன கூட்டல் தூரத்தைக் கொடுத்துவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. எக்சென்ட்ரிசிட்டி, மையம் கேட்கும்போது எடையின் பெயரைச் சொல்லாமல் விட்டால் விளிம்புகளை எண்ணித்தான் விடை தரும். வலுவான விளிம்புகளுக்கு மேக்ஸிமம் ஸ்பேனிங் ட்ரீ (எல்லா முனைகளையும் சுற்று இல்லாமல் இணைக்கும் மரங்களில் மியூக்களின் மொத்தம் மிகப் பெரியது) எடுங்கள். அந்த மரத்தில் இரு முனைகளுக்கிடையே உள்ள ஒரே பாதையின் மிகச் சிறிய மியூதான் இணைப்பு வலிமை. எந்த விளிம்பின் மியூ அதற்குச் சமமோ அது வலுவானது.

ஒருவழிச் சாலைகள் இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. போகும் தூரமும் வரும் தூரமும் வேறாகிவிடும், ஆரம் – விட்டம் சோதனையும் உடையும். ஆம்புலன்ஸ் நோயாளியிடம் போவதற்கு ஒரு கட்டம், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஒரு கட்டம் என்று இரண்டு கட்டங்கள் போட்டு, இரண்டையும் கூட்டியபின் பெரியதைத் தேடுங்கள்.